தொட்டியில் வைத்த கோரை

எங்கள் வூட்டில் கோரை என்பது ஒரு வசவு. கடன் கேட்டு வருகிற பங்காளி, சொன்ன பேச்சைக் கேட்காத கன்றுக்குட்டி, அடிக்கடி வருகிற காய்ச்சல், எல்லாமே அப்பாவுக்குக் கோரைதான். விருத்தாசலத்துக்கு மேற்கே மங்களூர் பக்கம் இருந்த எங்கள் மானாவாரிக் கொல்லையில் அவர் கோரையோடு மல்லுக்கட்டியே முதுகு வளைந்தவர். மண்வெட்டியால் வெட்டுவார், முளைக்கும். கிழங்கோடு தோண்டுவார், கண்ணுக்குத் தப்பிய ஒரு கிழங்கிலிருந்து முளைக்கும். வரப்பில் போட்டுக் கொளுத்திவிட்டு நிம்மதியாக வந்து படுப்பார். ஒரு மழை பெய்தால், அவர் கொளுத்தின இடத்துக்குப் பக்கத்திலேயே பச்சையாகத் தலை நீட்டும்.

இந்தக் கோரை பிடுங்குகிற வாழ்க்கை பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தாவரவியலில் பட்டம் வாங்கினேன். அந்தப் படிப்புக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், பொம்மை உடையாமல் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் கட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகமாக.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒருநாள் முதலாளி பெங்களூர் போய்விட்டு வந்தார். நேராக என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீ செடிதான படிச்ச?"

"ஆமாங்க. பி.எஸ்சி. பாட்டனிங்க."

"அங்க ஒரு ஓட்டல் வாசல்ல பாத்தேன். பெரிய பெரிய தொட்டி. அதுல பூவு ஒண்ணும் இல்ல. புல்லு மாதிரி இருக்குது, ஆனா புல்லு இல்ல. நீட்டு நீட்டா நிக்குது. என்னா அழகுன்ற. நாமளும் அந்த மாதிரி தொட்டி போடப்போறோம். மெட்ராஸ்லேருந்து ஓட்டல் பார்ட்டி ஒருத்தர் பாக்க வராரு. வெறுந்தொட்டியக் காட்டினா எவன் வாங்குவான்? அந்தச் செடி எதுன்னு பாத்து வளத்து வெச்சிடு. ஆர்டர் கெடைக்கட்டும், உன்ன பர்மனென்ட் பண்ணிடறேன்."

புல் மாதிரி, ஆனால் புல் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. கல்லூரியில் நான் படித்ததில் இந்த உலகம் என்னிடம் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி இதுதான். பதிலும் எனக்குத் தெரியும். தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு உருண்டால் புல். மூன்று பட்டையாகத் தட்டித் தட்டி உருண்டால் கோரை.

கோரை என்று புரிந்ததும் அப்பா முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதை அப்படியே ஒதுக்கி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்புக்குப் போய், வாய்க்கால் ஓரத்தில் பாய்க்கோரையை வேரோடு எடுத்துச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு ஓடியது.

"என்னாங்க மூட்டையில?" என்றார் கண்டக்டர்.

"கோரைங்க."

"பாயி பின்றவங்களா?"

"இல்லீங்க. தொட்டியில வெச்சி வளக்கறதுக்கு."

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பின் சீட்டிலிருந்து ஒருவர், "வளக்கறதுக்கா? எங்க கொல்லிக்கு வாய்யா. டிராக்டரு எடுத்தாந்து ஏத்திக்கிட்டுப் போ. கறிசோறும் போடறேன்" என்றார். கத்தரி நாற்றை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டது. "தம்பி, அத என் நாத்துகிட்ட வெக்காதப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். ஒரு தண்டை உருவி, மூன்று பட்டை விஷயத்தைச் சொன்னேன். அது கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் உருட்டிப் பார்த்து, "ஆமா, மூணு பட்டதான்" என்றார்கள். கடைசியாக வாங்கினவர் உருட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வீசினார். மூட்டைக்கு லக்கேஜ் போடச் சொன்னேன். "இதுக்குப் போயி டிக்கட்டு கிழிச்சா எனக்குத்தாங்க பாவம்" என்று கண்டக்டர் போய்விட்டார்.

ஒரே செடியை நம்பி இறங்க எனக்கு மனசில்லை. விஞ்ஞானம் என்றால் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கலர் தொட்டியிலும் புல் மாதிரி நிற்கிற செடி ஒவ்வொன்றாக வைத்து, தினமும் காலையில் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தேன். நாணல் வெள்ளைக் குஞ்சம் விட்டபோது ராஜா மாதிரி இருந்தது. ஆனால் போகிற வருகிற கையையெல்லாம் அறுத்தது. பேக்கிங்கில் இருந்த பெண்கள், "உன் ராஜாவ அந்தாண்ட தூக்கி வையி" என்றார்கள். குளத்தோரம் முளைக்கிற சம்பு, குச்சி மாதிரி உயரமாக வளர்ந்து, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பையன் போலச் சுவரோரம் நின்றது. வெட்டிவேருக்கு அழகெல்லாம் மண்ணுக்குள்ளே. வெளியே பார்த்தால் ஒரு வாரம் சவரம் செய்யாத முகம். எலுமிச்சம்புல் மட்டும் வளரவே இல்லை. உரம் போட்டேன், தொட்டியை இடம் மாற்றினேன். பிறகுதான் தெரிந்தது, வாட்ச்மேன் தினமும் அதைக் கிள்ளி டீயில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயித்தது கோரைகள்தான். பாய்க்கோரை நீலத் தொட்டியில் சீவி விட்டதுபோல நேராக நின்றது. நர்சரியிலிருந்து வாங்கிவந்த விசிறிக் கோரை, ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் குடைக்கம்பி விரித்த மாதிரி இலை விரித்து, வெள்ளைத் தொட்டியில் நின்றபோது முதலாளியே தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதான். இதேதான்" என்றார். நாங்கள் நடாமலே, மண்ணோடு வந்த கொல்லைக் கோரையும் தொட்டிகளின் ஓரத்தில் முளைத்தது. அதையும் விட்டுவைத்தேன். கூட்டமாக இருந்தால் நன்றாகத்தான் இருந்தது.

பார்ட்டி வருகிற நாள் வந்தது. காலையில் முதலாளி பார்ட்டியை அழைத்துவரக் காரில் கிளம்பும்போது என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார், காராசேவும் மைசூர்பாகும் வாங்க. நான் திரும்பி வந்தபோது கேட்டுக்குள்ளே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். அப்பா.

வேர்க்கடலை மூட்டையோடு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "இதெல்லாம் உங்க பையன் வளக்கற தோட்டந்தாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்பா பார்த்திருக்கிறார்.

"வாடா தம்பி" என்றார், கை மண்ணைத் தட்டிக்கொண்டு. "என்னடா இப்படிப் போட்டு வெச்சிருக்கற? பெரிய மனுசங்க வந்து போற எடம். தொட்டி பூரா கோர. உன் மொதலாளி பாத்தா என்னா நெனப்பாரு? நல்ல வேள, அவரு வர்றதுக்குள்ள அம்புட்டையும் புடுங்கிட்டேன். வெட்டிவேரயும் எலுமிச்சம்புல்லயும் உட்டுட்டேன். அதாச்சும் ஒண்ணுத்துக்கு ஆவும்."

கேட் ஓரத்தில் குவியல் கிடந்தது. ஒரு மாடு வந்து மோந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, அது நட்டதுப்பா."

"எது?"

"கோர."

"எவன் நட்டான்?"

"நான்தாம்பா. அதான் என் வேல. இப்ப மெட்ராஸ்லேருந்து ஆளு வராங்க. அவங்களுக்குப் புடிச்சாத்தான் எனக்கு பர்மனென்ட்டு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

"எது எந்தத் தொட்டின்னு சொல்லு. வெரசா."

நானும் அவரும் வாட்ச்மேனுமாக நட்டோம். முதல் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா தயங்கினார். "ஆழமா நடறதா, மேலாப்புல நடறதா?"

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"எனக்குப் புடுங்கத்தான்டா தெரியும்."

கடைசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கார் வந்துவிட்டது. பார்ட்டி ஒரு குண்டு மனிதர், சபாரி போட்டிருந்தார். தொட்டிகளைத் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது. பிறகு செடியைப் பார்த்தார். பாய்க்கோரை கொஞ்சம் தலை சாய்ந்திருந்தது.

"தொட்டி ஓகே. செடிதான் பிரச்சனை. எங்க ஓட்டல்ல குரோட்டன்ஸ் வெச்சோம், போச்சு. ரோஜா வெச்சோம், போச்சு. தண்ணி ஊத்த ஆள் போட்டா அவன் ஊத்தறதில்ல. இது தாங்குமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், இது சைப்பரேசி குடும்பத்தைச் சேர்ந்த, ஒருவித்திலைத் தாவரம்..." என்று ஆரம்பித்தேன். பார்ட்டியின் கண் நகர்ந்துபோய் அப்பாவின் மண் கைகளில் நின்றது.

"பெரியவரே, நீங்கதானே தோட்டக்காரர்? நீங்க சொல்லுங்க. இது எப்படி?"

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். வாழ்நாள் பூரா அவர் கோரையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. என் வேலை அவர் வாயில் இருந்தது.

"இது சாவாதுங்க" என்றார்.

"சாவாதுன்னா?"

"எதுக்கும் சாவாது. எனக்கு மீச மொளச்ச நாள்லேருந்து பாக்கறேன். தண்ணி ஊத்தலன்னா காஞ்ச மாதிரி கெடக்கும், ஒரு தூத்தல் போட்டா எழுந்துக்கும். வெள்ளம் நின்னா இன்னும் சந்தோசமா நிக்கும். மாடு மோந்துட்டுப் போயிடும். வெட்டினா ரெட்டிப்பா வரும். தோண்டி எடுத்து வெயில்ல போடுங்க, திரும்ப நடுங்க, நிக்கும். இப்பக்கூடப் பாருங்க, நிக்குது. கொளுத்தினாலும் வந்துடும். நீங்களே வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாலும் போவாதுங்க."

கடைசி வரியில் அவர் குரல் நடுங்கியது. பார்ட்டி அதைத் தொழில் மேல் இருக்கிற பற்று என்று எடுத்துக்கொண்டார். பாய்க்கோரை வேறு, விசிறிக் கோரை வேறு, கொல்லைக் கோரை வேறு, அப்பா எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்புகிறார் என்று திருத்த வாயெடுத்தேன். முதலாளி என் காலை மிதித்தார்.

"இந்தச் செடிதான் எனக்கு வேணும்" என்றார் பார்ட்டி. "தொட்டியோட, செடியும் சேத்து அனுப்பிடுங்க."

மத்தியானம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, மைசூர்பாகில் மிச்சமிருந்ததைக் கொடுத்து, "அடுத்த மாசத்துலேருந்து பர்மனென்ட்டு" என்றார். "உங்கப்பாவுக்கு நல்ல பேச்சு வாயிப்பா. உனக்குத்தான் அந்த சைப்பரேசி எல்லாம்."

சாயங்காலம் அப்பாவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாண்டில் டீ குடித்தோம். வேலை நிரந்தரமானதைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

"என்னாப்பா?"

"ஒண்ணுமில்ல. நான் பொய் ஒண்ணும் சொல்லலியே?"

"ஒரு வார்த்தகூடப் பொய்யில்லப்பா."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர், வண்டி நகர ஆரம்பித்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டேய், அந்த ஓட்டல் பக்கத்துல யாருக்காச்சும் நெலம் இருக்குதா?"

"மெட்ராஸ்லயாப்பா? எனக்குத் தெரியாது."

"இருந்தா பாவம்டா" என்றார்.