இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை

என் வாய் சும்மா இருந்திருந்தால் அண்ணி அன்றைக்குச் சபையில் எழுந்து நின்றிருக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அண்ணன் பெயின்டர். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடமாகிறது. கால்கள் அசையாது, கைவிரல்கள் சரியாக மடங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் சபைப் பெண்கள் முறைவைத்து வந்து அண்ணனைப் பார்த்துக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டிய பட்டியலில் எட்டுப் பெயர்கள். என் பெயர் இல்லை. எனக்கு முட்டிவலி என்று சொல்லியிருந்தேன். உண்மையில், கூடப்பிறந்தவனை அப்படிப் பார்க்கப் பயம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நழுவிவிடுவேன்.

அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்தபோது, அண்ணி பக்கத்தில் நிற்க, அண்ணன் டம்ளரைத் தானே பிடித்துக்கொண்டிருந்தான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகப் பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் சபையில், கேட்டது கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதென்று அறிவித்து நன்றி சொல்லும் வழக்கம் உண்டு. அதைத்தான் விசுவாசம் என்போம். பாஸ்டரின் அறிவிப்பில், சாயங்காலக் கூட்டத்திலேயே அண்ணன் எழுந்து நடந்து சுகமாகிவிட்டான்.

வியாழக்கிழமை முறைக்கு யாரும் வரவில்லை. சுகமானவனைத் திருப்ப ஆள் எதற்கு? சுகமாகவில்லையென்று அண்ணி சொன்னபோது, "அப்படிச் சொல்லாதீங்க, அது அவிசுவாசம்" என்று வாயை அடைத்தார்கள். வீட்டுக்கும் சலவைக்கூடத்துக்குமாக அவள் மூச்சிரைக்க ஓடினாள். நான் அவள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டேன். சனிக்கிழமை அண்ணன் முதுகில் தோல் சிவந்துவிட்டது.

ஞாயிறு காலை சபை வாசலில் பாஸ்டரம்மா அண்ணியின் கையைப் பிடித்தார். "சாட்சி சொல்லுங்க. நடக்கலன்னு மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிடாதீங்க."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அவரு நடக்கல," என்றாள் மைக்கில். "டம்ளரப் பிடிச்சது நிஜம். உடனே நழுவி அவ்வளவு தண்ணியும் அவரு முகத்துல. நான் பதறிட்டேன். அவரு, 'எனக்கு ரெண்டாவது ஞானஸ்நானம் ஆயிடுச்சு'ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவரு விழுந்ததுலருந்து எங்க வீட்ல சிரிப்புச் சத்தம் அதான் முதல் தடவ. அவரு நடக்கணும்னு மூணு வருஷமா கேக்கறேன், இன்னும் கேப்பேன். ஆனா அந்த நிமிஷம் எனக்கு ஒரு குறையும் தோணல. ஆண்டவர் அந்தச் சின்ன ரூம்ல எங்ககூட இருந்தாரு. அதுக்கு ஸ்தோத்திரம்." மைக்கை வைக்கப் போனவள் மறுபடி எடுத்தாள். "முதுகு செவந்திருக்கு. யாராச்சும் வாங்க."

ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டை அறிவித்தார்.

திங்கட்கிழமை எட்டுப் பேரில் ஒருத்தரும் வரவில்லை. பட்டியலின் அடியில் என் பெயரை எழுதிவிட்டு, அண்ணனின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன். நல்ல கனம்.

"முட்டி வலிக்கலையா?" என்றான்.

"வலிக்குதுண்ணா" என்று உடைந்து அழுதேன்.

"அழுகைய அப்புறம் வச்சுக்க. முதல்ல திருப்பு."