திங்கட்கிழமை நகல்

மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் முப்பிடாதியம்மாள் பிளாப்பியைத் தொடுவார். காகித உறையிலிருந்து அதை இரண்டு விரல்களால் உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, கம்ப்யூட்டரின் வாய்க்குள் செலுத்தி, சிறிய பிடியை மடக்குவார். உடனே மறுபடியும் பிடியைத் தூக்கி உள்ளே பார்ப்பார். “இருக்கு” என்று யாருக்கோ சாட்சி சொல்வதுபோல் சொல்லிவிட்டு மூடுவார். மாலைத் தேநீர்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் இது நடந்தாக வேண்டும். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையில் உள்ள பரமசிவனின் லாரிப் பட்டறையில் அவருக்கு அலுவலக வேலை. எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் கம்ப்யூட்டர் வந்தது. “பாவூர்சத்திரத்துல காய்கறி மண்டிக்காரனே வாங்கிட்டான், நமக்கு என்ன கேடு?” என்பது முதலாளி சொன்ன ஒரே காரணம். அதுவரை, பிரித்த எஞ்சினின் உறுப்புகளை வைக்கும் தட்டுகளில் லாரியின் எண்ணைச் சாக்பீஸால் எழுதிவந்தார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் தட்டுகளுக்கு நிலையான எண்கள் கொடுக்கப்பட்டன. எந்தத் தட்டில் எந்த லாரியின் உறுப்பு இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். சாக்பீஸ் டப்பாவை முதலாளியே வெளியே வீசினார். “சுண்ணாம்புலயும் எழுதணும்னா இந்தப் பெட்டி எதுக்குலே?”

முப்பிடாதியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவர். முன்பு ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தபோது ஒரு பத்திரம் காணாமல் போய், பழி இவர்மேல் விழுந்து, வேலை போயிற்று. பத்திரம் பிறகு வக்கீல் வீட்டு அலமாரியிலேயே கிடைத்ததாம். சொல்லி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எதற்கும் ஒரு நகல் இல்லாமல் அவர் இருப்பதில்லை. பால்காரர் கொடுக்கும் துண்டுச் சீட்டுக்குக்கூட கார்பன் வைத்து எழுதி வாங்குவார்.

ஆகவே நகல் எடுக்கவேண்டியதன் அவசியத்தை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அந்த நகலை யார் எடுக்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. புரோகிராம் எழுதித் தந்த வெங்கடேஸ்வரன் பாளையங்கோட்டைக்காரர், இளைஞர். “சாயங்காலம் அஞ்சரை ஆனா அதுவே காப்பி எடுத்துக்கிடும்க்கா. நீங்க பிளாப்பியப் போட்டு வச்சாப் போதும்” என்றார்.

“அதுவேன்னா யாரு?”

“புரோகிராம்தான்.”

“எடுத்து முடிச்சதும் யாருகிட்ட சொல்லும்?”

“யாருகிட்டயும் சொல்லாது. அதாங்க்கா ஆட்டோமேட்டிக்.”

அந்தப் பதிலோடு அவர் பல நாள் மல்லுக்கட்டினார். “எடுத்துக்கிடுமாம், ஆனா எடுத்த இடத்துலயும் அப்படியே இருக்குமாம்” என்று மெக்கானிக்குகளிடம் சொல்லிச் சொல்லி வியந்தார். சில மாலைகளில் சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டி கரகரவென்று முனகும். சில மாலைகளில் ஒன்றும் இராது. ஆறு மணிக்குப் பெட்டியை அணைத்து, பிளாப்பியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஒருமுறை தொலைபேசியில் விசாரித்தார். “அது மனுஷன் இல்லக்கா, மறக்காது” என்று வெங்கடேஸ்வரன் சிரித்தார். முனகாத நாட்களில் பெட்டிக்கு எடுக்கத் தேவைப்படவில்லை போலும் என்று முப்பிடாதியம்மாள் அமைதி கொண்டார்.

மறு ஆண்டு ஆடிச் சாரலில் ஒரு திங்கட்கிழமை, ஒரே கம்பெனி தயாரித்த மூன்று லாரிகளின் எஞ்சின்களை ஒன்றாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஒன்று புளியங்குடி காமராஜின் வண்டி, எலுமிச்சை ஏற்றுவது. வால்வுகள் கழற்றப்பட்டுத் தட்டுகளுக்குப் போயின. தட்டு எண்கள் கம்ப்யூட்டருக்குள் போயின. செவ்வாய் நண்பகலில் மின்சாரம் போய், சட்டென்று வந்தது. பெட்டி ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கிவிட்டது. மறுநாள் வெங்கடேஸ்வரன் வந்து வேறு டிஸ்க் பொருத்தி, பிளாப்பியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினார். சனிக்கிழமை வரை இருந்தது. திங்கட்கிழமை இல்லை.

ஒவ்வொரு வால்வும் தன் இருக்கையோடு தேய்ந்து பழகியது. மாற்றிப் போட்டால் எஞ்சின் புகை தள்ளும். மூன்று வண்டியின் வால்வுகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன.

“எல்லாத் தட்டுலயும் ஒரே மாதிரி சாமான வச்சிக்கிட்டு, எது என் வண்டியோடதுன்னு என்கிட்டயே கேக்கிய” என்று காமராஜ் கத்தினார். “பட்டறை நடத்துதியளா, பாத்திரக்கடை நடத்துதியளா? அங்கன எலுமிச்சங்கா மூட்ட மூட்டயா அழுகுது வே!”

பரமசிவன் அலுவலக அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். “யம்மா, திங்கக்கிழம நீ பிளாப்பி போடல. ஒத்துக்கிட்டேன்னா முடிஞ்சு போச்சு.”

“போட்டேன் அண்ணாச்சி.”

“போட்டா உள்ள இருக்கணும்லா?”

“அதான் எனக்கும் தெரியல.”

“வார திங்கக்கிழம வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள விவரம் தெரியலன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

வக்கீல் அலுவலகத்தில் தாம் தவறு செய்யவில்லை என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். இம்முறை அந்த உறுதி இல்லை. போட்டோமா, போட்டதாக நினைத்தோமா என்ற குழப்பத்தில் சோற்றில் குழம்பு என்று நினைத்து மோரை ஊற்றிக்கொண்டார். போகிற வருகிறவர்களிடமெல்லாம், “நான் போட்டத நீ பாத்தல்லா?” என்று கேட்டார். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வெங்கடேஸ்வரன் சாரலில் நனைந்தபடி வந்து சேர்ந்தார். “தினம் என்ன செய்வியளோ அதையே செய்யுங்கக்கா. நான் வாயத் திறக்க மாட்டேன்” என்று பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். முதலாளி நிலைவாசலில் சாய்ந்து நின்றார்.

முப்பிடாதியம்மாள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார். அந்தப் பெட்டி அணைத்தால் நேரத்தை மறந்துவிடும். தினமும் தேதியையும் மணியையும் கேட்டுத்தான் தொடங்கும். தேதியை அடித்தார். மணி கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பது. அவர் ஏழு இருபது என்று அடித்தார்.

“நில்லுங்கக்கா! மணி என்ன?”

“எட்டு நாப்பது.”

“ஏழு இருபதுன்னு அடிக்கிய?”

“இன்னிக்குத் திங்கக்கிழமல்லா?” படித்தவருக்கு இதுகூடவா தெரியாது என்பதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார். “ஏழரையிலருந்து ஒம்பது வரைக்கும் ராகுகாலம். அதுல ஒரு மெஷினத் தொடங்கலாமா? ஒம்பது வரைக்கும் சும்மா இருந்தா வாசல்ல நிக்குத வண்டிக்கெல்லாம் யாரு வேலைக் கார்டு போடுவா? அதான் முன்னால உள்ள நல்ல நேரத்தக் குடுத்துத் தொடங்குதேன். கரெண்டு போயி ராகுகாலத்துல வந்தாலும் அப்படித்தான். அண்ணாச்சி சொன்னதுதான.”

“ராகுகாலத்துல தொடங்காதன்னு சொன்னேன்” என்றார் பரமசிவன்.

“தொடங்கலியே அண்ணாச்சி.”

வெங்கடேஸ்வரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீங்க ஆறு மணிக்கு அணைக்கும்போது, பெட்டிக் கணக்குக்கு மணி நாலு நாப்பதுதான்க்கா. அன்னிக்கு அதுக்கு அஞ்சரையே வரல.”

“அப்ப நான் பிளாப்பி போட்டிருக்கேன்?”

“போட்டிருக்கிய. எடுக்கவேண்டிய நேரந்தான் வரல.”

வெளியே காமராஜின் வண்டி வாய் திறந்தபடியே நின்றது. முதலாளி வெங்கடேஸ்வரன் பக்கம் திரும்பினார். “தம்பி, அப்ப கம்ப்யூட்டருக்கு ராகுகாலம் உண்டா, இல்லியா?”

“அதுக்குக் கடிகாரம் மட்டுந்தான் தெரியும் அண்ணாச்சி.”

“உள்ள பஞ்சாங்கத்தப் போட முடியாதா?”

வெங்கடேஸ்வரன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பரமசிவன் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சாலையில் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். கடைசியில், “சரி யம்மா. கடிகாரத்துல உள்ள மணியவே அடி” என்றார்.

முப்பிடாதியம்மாள் ஏழு இருபதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். எட்டு ஐம்பத்திரண்டு என்று அடித்தார். பிறகு எழுந்து, நாற்காலியை முதலாளியின் பக்கம் திருப்பிப் போட்டு, ஒதுங்கி நின்று, என்டர் பொத்தானை நோக்கிக் கையைக் காட்டினார்.

“நீங்க அமுக்குங்க அண்ணாச்சி.”