முகம் பார்க்கிற படிக்கட்டு

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், குளிரான பண்டாரவளையில் ஒரு பழைய மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். மேலே படுக்கையறை. கீழே சமையலறையும் கழிப்பறையும் மட்டும்தான். நடுவில் மரப்படிக்கட்டு. நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. முதலில் உண்டான பிள்ளை வயிற்றிலேயே கலைந்துவிட்டதால், இந்தத் தடவை தும்மினால்கூட எனக்குப் பயம்.

படிகளில் ஒட்டியிருந்த கார்பெட் மழை ஈரத்தில் ஊறி நாறியது. அந்த வாடை எனக்கு ஆகவேயில்லை. கணவர் அதைப் பிய்த்தெறிந்ததோடு நின்றிருக்கலாம். எங்கள் பக்கம் தீபாவளி வருகிறதென்றால் தரைக்குப் பொலிஷ் போடாமல் யாருக்கும் தூக்கம் வராது. சிவப்புச் சிமெந்துத் தரைக்குப் போடுகிற மெழுகுப் பொலிஷை மரப்படிக்கும் அப்பி, தேங்காய் மட்டையால் தேய் தேய் என்று தேய்த்துவிட்டார்.

"மொகம் பாக்கலாம் புள்ள!" என்று ஒரே பெருமை.

முகம் பார்க்கவா எனக்குப் படி? அந்தக் குளிரில் காலுக்கு மேஸ், அதாவது காலுறை, போடாமல் நடக்க முடியாது. போட்டால் கால் வழுக்கும். கழற்றினால் விறைத்துப்போகும். போதாததற்கு, அடுத்த படியை வயிறு மறைக்கும். "பயமா இருக்குங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "ஒண்ணும் ஆகாது, மெதுவா எறங்கு" என்பார். அடிக்கடி கீழே போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். உட்கார்ந்தாலும் படுத்தாலும் அந்தப் படி நினைவுதான். ஒரு நிமிடம் நிம்மதியில்லை.

ஒரு நாள் காலை இறங்கும்போது குதிகால் சறுக்கிவிட்டது. கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். பிள்ளை அசைவது தெரிந்தபிறகுதான் மூச்சே வந்தது. ஓடிவந்த கணவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலதானே?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அவரை அறைக்குள் கூப்பிட்டு, இரண்டு தலையணைகளை அவர் வயிற்றில் வைத்து, என் சேலையால் இறுக்கிக் கட்டினேன்.

"மேஸப் போட்டுக்கிட்டு எறங்குங்க பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் காலை வைத்தார். அடுத்த அடிக்குக் கால் துழாவியது. குனிந்து பார்த்தால் தலையணைதான் தெரிந்தது. சட்டென்று சுவரைப் பிடித்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பைக் காணோம்.

"காலே தெரியலியே புள்ள" என்றார். குரல் அடங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. டர்பன்டைன் போட்டு மெழுகைத் துடைத்தெடுத்தார். பலகையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சலித்த மணலை வார்னிஷில் கலந்து பூசினார். அது காயும்வரை நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். தீபாவளிக்கு வந்தவர்கள், படி ஏன் மங்கிக் கிடக்கிறது என்று கேட்டார்கள். "அது அப்படித்தான்" என்று கணவர் பலகாரத் தட்டை நீட்டினார்.

இன்று எங்கள் மகள் மேஸ் போட்ட காலோடு அந்தப் படியில் ஏறி இறங்கி விளையாடுகிறாள். யாராவது பயமாக இருக்கிறது என்று சொன்னால், "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை. அவர்கள் நிற்கிற படியில் நானும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.