பேச்சு ஏறியது, மதிப்பெண் இறங்கியது

வட இங்கிலாந்தின் ஹெப்பிள்ராய்டு கம்பள ஆலையில் வினிஃப்ரெட் ஓல்ட்ராய்டு வாயைத் திறந்தால் தறி நிற்கும் என்பார்கள். நிறுத்தியும் இருக்கிறாள். கழிப்பறைக்குப் போன நேரத்தைக் கூலியில் பிடித்த மேலாளரிடம் சங்கத்தின் சார்பில் அவள் பேசிய பேச்சில், அந்த மனிதர் தானே கழிப்பறைக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொண்டாராம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு காலை அவள் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. "என்னாச்சு வினி?" என்றார் கணவர் நார்மன்.

"பரவாயில்ல."

தரையைத் துடைத்துவிட்டு அவர் புறாக்கூண்டுக்குப் போய்விட்டார். மதியம் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் நுழைந்தார். திட்டு விழவில்லை. அப்போதுதான் பயந்துபோய் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

மூளையில் ரத்த அடைப்பு. பிறர் பேசுவது அவளுக்குப் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. வாயிலிருந்து மட்டும் அந்த ஒரே சொல்தான் வந்தது. கடவுளின் சோதனை என்றார் பாதிரியார். "பரவாயில்ல" என்றாள். அவள் சொல்ல நினைத்ததை அச்சிட முடியாது.

யார்க்‌ஷயரில் இந்த நோய் எளிதில் பிடிபடாது. சவப்பெட்டிக்குள் இருப்பவனைக் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிற மண் அது.

அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தந்தவள் ரோவீனா என்ற இளம்பெண். முதல் நாளே அளவெடுத்தாள். பேச்சு, அன்றாடக் காரியம், நாலு பேரோடு பழகுவது, மனநிலை என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண்.

"மனசு எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல."

"கேட்டீங்கல்ல, பரவாயில்லையாம்" என்று நார்மன் வழிமொழிந்தார். ரோவீனாவும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே, நாலு போட்டாள்.

குளிர்காலம் முழுக்கப் பயிற்சி நடந்தது. ஒருநாள் நார்மனைப் பார்த்து வினி, "மடையா" என்றாள். அவர் ஆனந்தத்தில் அழுதுவிட்டார். வசந்தத்தில் மறுபடி அளவெடுத்தார்கள். பேச்சு ஒரு படி ஏறியிருந்தது.

"மனசு எப்படிம்மா?"

"நாசம்."

"கடைக்கெல்லாம் போறீங்களா?"

"பயம். வரிசைல... எல்லாரும்... என் வாயவே..."

மனநிலைக்கு ஒன்றுதான் கிடைத்தது. கூட்டிப் பார்த்தால் மொத்தம் இறங்கியிருந்தது. மொத்தம் ஏறாதவர்களுக்குப் பயிற்சியை நிறுத்துவது அங்கே விதி. பணக்காரத் தெருவில் யாரும் இப்படி அளவெடுப்பதில்லை. காசைக் கொடுத்து ஆளை வைத்துக்கொள்வார்கள். தனக்குப் பேச்சு வருகிறது என்று சாட்சி சொல்ல வேண்டியவள் ஆலைக்காரிதான்.

முடிவைச் சொல்ல மருத்துவமனை நிர்வாகி பிக்கர்ஸ்கில் பயிற்சி அறைக்கு நேரில் வந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல்.

"மொத்தத்துல கொறஞ்சிருக்கும்மா. பலனில்லாத பயிற்சிக்கு மக்கள் பணத்த..."

"மொதல்ல... சொன்னது... பொய்" என்றாள் வினி. "இப்ப... நெஜம்."

"அத நான் எப்படிம்மா நம்புறது?"

வினி அவர் காலைப் பார்த்தாள். "உங்க... கால்... எப்படி?"

"பரவாயில்ல" என்றார் அவர், பல்லைக் கடித்தபடி.

ரோவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, உங்களுக்கும் மூளைல அடைச்சிருக்கு போல. பயிற்சிக்குச் சேந்துடுங்க" என்றார் நார்மன்.

பிக்கர்ஸ்கில் சிவந்துபோனார். முட்டாள் அல்ல அவர். விதியை நிறுத்திக் கேள்வி கேட்கப் பழகாதவர், அவ்வளவுதான். "சரி, படம் காட்டிக் கேளு" என்றார்.

சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை வரிசையாக வரைந்த அட்டையை ரோவீனா நீட்டினாள். "மொத நாள் அன்னிக்கு உங்க மனசு எதும்மா?" நார்மன் வாயைத் திறந்தார். வினி முறைத்ததும் மூடிக்கொண்டார். அவள் விரல் முகங்களைத் தாண்டிப் போய், கடைசி அழுமூஞ்சிக்கும் கீழே வெற்று அட்டையில் நின்றது.

நார்மன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோவீனா பழைய நாலை அடித்துப் பூஜ்யம் போட்டாள். மொத்தம் ஏறிவிட்டது. பயிற்சி தொடரும் என்று எழுதிக் கையெழுத்திட்டு, பிக்கர்ஸ்கில் ஊன்றுகோலை எடுத்தார்.

"இருங்க" என்றாள் வினி. "இந்த... நாற்காலி... மட்டம். தேநீர்... கழுவுன தண்ணி. அப்பறம்... உங்க விதி..."

பிக்கர்ஸ்கில் திரும்ப உட்கார்ந்தார். வெகுநேரம் ஆயிற்று.