தூங்கட்டும் என்று விட்டேன்

என் மனைவியும் நானும் சிவகாசிப் பக்கம் ஒரே பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் லோடு ஏற்றுகிறவன். அவள் சரவெடி பின்னுகிறவள். அவள் கைவேகமும் வாய்வேகமும் வேனில் வருகிற எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறப்போனவள் வலது கை தொங்கி, பேச்சுக் குழறிச் சரிந்தாள். டிரைவர் வண்டியை நேரே விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு விட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். மருந்து ஏற ஏறத் தேறினாள். மறுநாள் காலையில் பேச்சு தெளிவாக வந்தது. வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள்.

"சாப்பிட்டீகளா இல்லையா? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீக."

அழுதுவிட்டேன். கை எம்புட்டு வருகிறது பார்ப்போம் என்று, என் துண்டின் ஓரத்து நூல்களைச் சரம்போலப் பின்ன ஆரம்பித்தாள். முடிச்சுகள் இறுக்கமாக விழுந்தன. சின்ன மாற்றம் தெரிந்தாலும் கூப்பிடச் சொல்லியிருந்தார் நர்ஸ்.

மதியத்துக்கு மேல் அவள் போட்ட முடிச்சுகள் தளர்வாக விழுந்தன. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பெனியில் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் கையும் அப்படித்தான் சோரும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் சரியாகிவிடும். அந்த நினைப்பில் துண்டை மெல்ல உருவிக்கொண்டு, "செத்த நேரம் தூங்கு" என்றேன்.

நர்ஸ் வாசலில் நின்று கேட்டார். "எப்படி இருக்காக, அண்ணாச்சி?"

"நல்லாருக்கா. இப்பத்தான் அசந்தா. அப்புறமா வாங்க."

அவர் திரும்ப வந்து எழுப்பியபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தூக்கிய கை பொத்தென்று விழுந்தது. பேச்சு வரவேயில்லை.

"சிலருக்கு முதல் ரெண்டு மூணு நாள்ல இப்படிக் கூடிப்போகும். முன்னாடியே கூப்பிட்டிருந்தாலும் தடுத்திருக்கலாம்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நல்ல மனிதர். என் மனசு தாங்காதென்று சொன்னார் போல. துண்டை விரித்தால் முடிச்சு எங்கே தளர்ந்தது என்று யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம்.

இப்போது வேலையை விட்டுவிட்டு அவளோடுதான் இருக்கிறேன். மதியம் அவள் கண்ணயர்ந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. தோளைத் தொட்டு எழுப்பி, என் விரலைப் பிடி என்கிறேன். முறைக்கிறாள். உதடு துடிக்கிறது. ஒரு தடவை திட்டிவிட மாட்டாளா என்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தூங்கிவிடுகிறாள்.