காலிப் பைக்கும் அரக்கு முத்திரை

பழவேற்காடு ஏரியோரக் குப்பத்தில், அறுபதுகளின் முடிவில், ஓர் ஓட்டு அறைதான் கிளை அஞ்சலகம். அதன் மூன்றாவது அஞ்சல் தலைவன் நான். முதலாமவர் படகு முதலாளி. கௌரவத்துக்காகப் பதவியை ஏற்றார், மீன்பாடு நன்றாக இருந்த நாட்களில் கதவைத் திறக்கவில்லை. அடுத்தவர் பள்ளி ஆசிரியர். மாற்றல் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத, உறவென்று யாருமில்லாத நான் அதை வாங்கிக்கொண்டேன். பின்னறையே எனக்கு வீடு.

விதிப்படி, கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் பையைக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரையிட்டு மேல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் தினக்கணக்குத் தாளைத் தவிர உள்ளே ஒன்றும் இராது. குப்பத்தாருக்கு உறவெல்லாம் கூப்பிடு தூரத்தில்தான். கடிதம் எழுத ஏது ஆள்? பகலெல்லாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் காற்றுக்கு அரக்கு வைப்பேன்.

ஒருநாள் தாக்கீது வந்தது. ஒரு வாரம் கடிதங்களை எண்ணுவார்களாம். குறைந்தால் அலுவலகத்தை மூடுவார்களாம். மூடினால் எனக்கு வேலையோடு படுக்கும் இடமும் போகும். தினமும் பையைச் சுமந்து போகும் குப்பத்துக்காரரிடம் சொன்னேன். அவர் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வாசலில் பெண்கள் வரிசை. முதலில் நின்றவர் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்காரக் கிழவி. ஓர் அஞ்சலட்டை வாங்கி என்னிடமே நீட்டினார்.

"எழுது நைனா."

"யாருக்கும்மா?"

"உனுக்குத்தான். எங்களுக்கு வேற யாரு விலாசம் தெரியும்?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நாங்க அல்லாரும் நல்லாகீறோம். நீ வேளாவேளைக்குத் துன்றியா?"

பேனாவை நிறுத்தி, "சாப்பிடுறேம்மா" என்றேன்.

"இப்ப சொல்லாத. பதில்ல போடு. அதுவும் கணக்குல வரும்ல?"

பின்னால் நின்றவள் அலுத்துக்கொண்டாள். "அத்தே, அல்லாத்தயும் நீயே கேட்டுட்டா நாங்க இன்னாத்த எழுதறது?"

உள்ளூர்க் கடிதத்தை அங்கேயே முத்திரை குத்திக் கொடுத்துவிடலாம். ஆனால் எண்ணுவது மேல் அலுவலகத்தில். ஆகவே அட்டைகள் பையில் போய், மறுநாள் திரும்பி வந்தன. நானே எனக்கு விநியோகித்தேன்.

வாரக் கடைசியில் ஆய்வாளர் வந்து அட்டைகளைப் புரட்டினார். "என்னய்யா இது? எழுதின கையும் ஒண்ணு, வாங்கினவனும் ஒருத்தன்."

"ஒருத்தருக்கு இத்தனைதான் வரலாம்னு விதி இல்லை, சார்."

சற்று யோசித்தார். அவருக்கும் அப்படியொரு விதி நினைவுக்கு வரவில்லை. அலுவலகம் தப்பியது.

அப்புறம் யாரும் எழுதவில்லை. பை பழையபடி காலியாகப் போனது. ஒருநாள் மத்தியானம், கிழவிக்குப் பதில் போடாதது நினைவுக்கு வந்தது. ஓர் அட்டை வாங்கி, 'வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்' என்று எழுதிப் பையில் போட்டேன். மறுநாள் அது திரும்பி வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன்.

கிழவி என் முகத்தைப் பார்த்தார். "கடுதாசில கூடவா பொய்யி? உன் ஊட்டு அடுப்புல பொக வந்து எத்தினி நாளாச்சு. உள்ள வந்து குந்து."

விநியோக நேரத்தில் பிறர் வீட்டில் சாப்பிடுவது விதிக்குப் புறம்பு. உட்கார்ந்தேன்.