ஊசியக்கா கொடுத்த நல்ல ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் ஊசியக்காதான். வீறிட்டு அழுகிற குழந்தையிடம்கூட வலி தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள், கைராசி அப்படி. வாய்தான் சும்மா இருக்காது.

மேல்மாடி லேபில் ஒரு புதுச் சோதனை நடந்தது. சில குழந்தைகளின் உடம்புக்கு, பிறவியிலேயே கொழுப்பை எரித்துச் சக்தியாக்கத் தெரியாது. வேளாவேளைக்குச் சாப்பிடும்வரை ஒன்றும் தெரியாது. வயிறு காய்ந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். பாழாய்ப்போன நோய்! அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற பொடித் துணுக்குகளை அளந்துபார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத நல்ல பிள்ளையின் ரத்தம் வேண்டுமே, எந்தத் தாய் சும்மா கொடுப்பாள்?

"என் பையன் இருக்கான். கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவனுக்கு" என்று ஊசியக்காவே தன் மூன்று வயதுக் குட்டியின் ரத்தத்தைக் கொண்டுவந்தாள். நம்ம அக்கா பிள்ளைதானே என்று யாரும் அவனைச் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதனை சொதப்பியது. நோயுள்ள ரத்தமும் நல்ல ரத்தமும் ஒன்றுபோலவே காட்டின. மெஷினைத் திட்டினார்கள், மருந்தைத் திட்டினார்கள். "குழாயிலயே கெட்டிருக்கும்" என்று அவளும் மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் அதே கதைதான்.

இன்று காலை பையனுக்கு வாந்தி. ராத்திரியும் சாப்பிடவில்லை. "வயித்தைக் காயப்போடுங்க, தானா சரியாயிடும்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு வேலைக்கு வந்திருந்தாள்.

மதியம் லேப் டாக்டரம்மா கூப்பிட்டார். குட்டியின் ரத்தத்துக்குப் பதிலாக வேறு நல்ல பிள்ளைகளின் ரத்தத்தை வைத்துப் பார்த்தாராம். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்ததாம்.

"சோதனைல தப்பே இல்லக்கா" என்றவர் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"பாத்தீங்களா, நான் அப்பவே..." என்று சந்தோஷமாக ஆரம்பித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனை சரியென்றால் நோய் குட்டிக்கு.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள்.

"என்னங்க, குட்டி என்ன பண்றான்?"

"வாந்தி நின்னுடுச்சு. நீ சொன்ன மாதிரி பச்சைத்தண்ணியத் தவிர ஒண்ணும் கொடுக்கல" என்றான் கணவன் நிம்மதியாக. "அசந்து தூங்குறான், பாவம். ரெண்டு தடவ எழுப்பிப் பாத்தேன், கண்ணே தொறக்கல."